எங்கள் வீட்டுக்கு வந்த தம்பூரா

வீட்டிலே ஒரு ஹோம் தியேட்டர் வேண்டும் என்ற ஆசை எங்கள் குடும்பத்தில் யாருக்கு முதலில் உண்டாயிற்று என்பது இன்று வரையில் தீர்மானமாகாத விஷயம். குழந்தைகள் என் பேரில் பழியைப் போடுகிறார்கள். நான் குழந்தைகள் பேரில் போடுகிறேன். என் தாயார் மட்டும், "எனக்குப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னது வாஸ்தவந்தான்" என்று ஒப்புக் கொண்டிருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் ஸபாக்களுக்குப் போய் வருவது அவருக்குச் சிரமமாகி விட்டது. ஆகவே, அவர் கச்சேரிக்குப் போக முடியாவிட்டால் கச்சேரியை வீட்டுக்கே வரவழைத்து விடுவது என்று முடிவு செய்தோம்.

முடிவு பெரிதாயிருந்தது, கையிலிருந்த பணம் சிறிதாயிருந்தது. ஐந்து சின்ன ஒலிபெருக்கிகள், அடித்தொனிகளுக்கென்று ஸப்வூபர் என்னும் கனத்த மரப்பெட்டி ஒன்று, இவையெல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் ஆம்ப்ளிபையர் என்னும் இரும்புப் பெட்டி ஒன்று - இவ்வளவும் சேர்ந்ததைத்தான் கடைக்காரர்கள் "ஐந்து புள்ளி ஒன்று" என்கிறார்கள். அந்தப் "புள்ளி ஒன்று" ஸப்வூபரைக் குறிக்கும். ஒலிபெருக்கிகளைப் புதிதாக வாங்கினோம். ஆம்ப்ளிபையரை மட்டும் ஏற்கெனவே ஒருவர் வீட்டில் உழைத்த பெட்டியாகப் பார்த்து மலிவாக வாங்கினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நல்ல நேரம் பார்த்து, கம்பிகளையெல்லாம் பூட்டி விசையைத் தட்டினேன். வீடு முழுவதும் மௌனம். பாட்டு இன்னும் ஆரம்பமாகவில்லை. ஆனால் மௌனத்தின் அடியிலிருந்து, "ம்ம்ம்ம்ம்..." என்று ஒரு ரீங்காரம் கிளம்பிற்று.

"யாரடா தம்பூரா மீட்டுகிறது?" என்று கேட்டார் அம்மா.

"தம்பூரா இல்லை, அம்மா! மிஷின் சூடாகிறது" என்று எனக்குத் தெரியாத சாஸ்திரத்தைச் சொல்லி வைத்தேன்.

மிஷின் சூடாயிற்று, ரீங்காரம் ஆறவில்லை. பாடகி ஆலாபனை தொடங்கினார். அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் ரீங்காரம் தொடர்ந்து பாடிற்று. கால் மணி நேரம் பொறுத்திருந்து விட்டு அம்மா எழுந்தார். "அந்த அம்மாள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள். உன் மிஷின் சுருதி ஐந்தும் இல்லை, ஐந்தரையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. இதைக் கேட்டுக் கொண்டிருந்தால் எனக்குத் தலைவலிதான் வரும்" என்று சொல்லி விட்டு உள்ளே போய் விட்டார்.

அம்மா காதால் சொன்னது கணக்கிலும் முற்றிலும் சரி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. இதை 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். இந்த ஊசலாட்டம் எப்படியாவது ஒலிபெருக்கிக்குள் புகுந்து விட்டால், அதே வேகத்தில் அதன் தாள் அதிர்கிறது. அந்த அதிர்ச்சிதான் ரீங்காரம். ஐந்து கட்டை ஷட்ஜத்தை ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறக்கிக் கொண்டே போனால் 49 ஹெர்ட்ஸுக்கு வந்து சேரும். ஐந்தரைக் கட்டை சுமார் 52-க்கு வரும். மின்சாரத்தின் 50 இரண்டுக்கும் இடையில் மாட்டிக் கொண்டிருக்கிறது. பாடகிகளில் பெரும்பாலோர் ஐந்து, ஐந்தரைக் கட்டைகளையே அநுசரிப்பதால், நம் வீட்டு மின்சாரம் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் அபசுரம் போடக் காத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே ரீங்காரத்தின் சுருதி வேறு.

ஐந்து நிமிஷ வைத்தியம்

மறுநாள் பழுது பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தேன். சுறுசுறுப்பான மனிதர். வந்தார், ஒரு விநாடி காது கொடுத்துக் கேட்டார், புன்னகை செய்தார். ஆம்ப்ளிபையரின் மூன்று முள் பிளக்கைக் கழற்றி எறிந்து விட்டு, அதே கம்பியில் இரண்டு முள் பிளக் ஒன்றை மாட்டினார். விசையைத் தட்டினார். என்ன ஆச்சரியம்! ரீங்காரம் மாயமாய் மறைந்து விட்டது.

"எர்த் தொந்தரவு, ஸார். எர்த்தை எடுத்து விட்டேன்" என்று சொல்லிக் கூலியை வாங்கிக் கொண்டு ஐந்தாவது நிமிஷம் போய் விட்டார். வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். அம்மா அன்று இரவு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டார். என் பேத்தி - மூன்று வயது நிரம்பவில்லை - ஆம்ப்ளிபையரின் இரும்பு மூடியில் கன்னத்தை வைத்து, அதன் கதகதப்பை அநுபவித்துக் கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேல் மாடியில் குடியிருக்கும் பெரியவர் பாட்டைக் கேட்டு விட்டு இறங்கி வந்தார். மின்சார வேலையிலேயே முப்பத்தைந்து வருஷம் கழித்து ஓய்வு பெற்றவர். நான் பெருமையுடன் ரீங்காரம் ஒழிந்த கதையைச் சொன்னேன். அவர் பாட்டைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒன்றும் சொல்லாமல் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொண்டார். பிறகு சுவரில் இருந்த விசையை அணைத்தார்.

"தம்பி, நீங்கள் ரீங்காரத்தை ஒழிக்கவில்லை. வீட்டுக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார்.

மூன்றாவது முள் எதற்கு?

பெரியவர் சொன்னதை என்னால் இயன்றவரை இங்கே எழுதுகிறேன். நேயர்களில் பலருடைய வீடுகளில் இந்த வைத்தியம் நடந்திருக்கக் கூடும்.

மூன்று முள் பிளக்கை உற்றுப் பார்த்தால், மேலே உள்ள முள் மற்ற இரண்டையும் விடப் பருமனாகவும் நீளமாகவும் இருப்பது தெரியும். அதுதான் எர்த் முள். நீளமாயிருப்பதனால், பிளக்கைச் செருகும்போது முதலில் தொடுவது அது. பிடுங்கும்போது கடைசியாக விடுவதும் அது. மின்சாரம் வருவதற்கு முன்னால் காவல் வந்து விட வேண்டும், மின்சாரம் போன பிறகுதான் காவல் போக வேண்டும் என்பது இதன் தாத்பரியம்.

பெட்டியின் இரும்பு உடல் முழுவதும் இந்த முள்ளின் வழியாகப் பூமியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து, 230 வோல்ட்டு மின்சாரம் இரும்பு மூடியைத் தொட்டு விட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். எர்த் இருந்தால், அந்த மின்சாரம் உடனே பூமிக்குப் பாயும். பியூஸ் போகும், அல்லது காவல் விசை விழுந்து விடும். எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் மூடியிலேயே ஓசைப்படாமல் காத்திருக்கும். பாட்டும் தடைப்படாது, விளக்கும் அணையாது. ஒரு குழந்தை வந்து கன்னத்தை வைக்கும் வரையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"எங்கள் வீட்டில் கசிவைக் கண்டால் விழுந்து விடும் விசை இருக்கிறதே?" என்று கேட்டேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தி விடும் அந்த விசை நல்ல காவல்தான், சந்தேகமில்லை. ஆனால் எர்த் இருக்குமானால் யாரும் தொடுவதற்கு முன்பே அது விழும்; எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். "பரீட்சை பார்க்கிற அந்த ஆள் யாராயிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். நான் பேத்தியைப் பார்த்தேன். பதில் சொல்லவில்லை.

உற்பத்தி ஸ்தானத்திலேயே இரண்டு முள்ளுடன் வரும் பெட்டிகளும் உண்டே என்று சிலர் கேட்கலாம். அவை உள்ளே இரட்டைக் காப்பு வைத்து, எர்த் வேண்டாதபடியே அமைக்கப்பட்டவை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் வரைந்த அடையாளம் அவற்றில் இருக்கும். மூன்று முள்ளுக்கென்று செய்த இரும்புப் பெட்டியை நாமாக இரண்டு முள்ளாக்குவது முற்றிலும் வேறு காரியம்.

இரண்டு குளமும் ஒரு வாய்க்காலும்

அப்படியானால், காவல்காரனை அனுப்பியதும் ரீங்காரம் ஏன் ஓய்ந்தது? இங்கேதான் விஷயத்தின் ரகசியம் இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளங்கள் இருக்கின்றன. நீர் மட்டம் ஒன்றில் சிறிது உயரம், மற்றதில் சிறிது தாழ்வு. இடையில் கரை இருக்கும் வரையில் ஒன்றுமில்லை. ஒரு வாய்க்கால் வெட்டி இரண்டையும் சேர்த்தால், நீர் ஓடத்தான் செய்யும். பூமித் தொடர்பும் இப்படித்தான். எல்லாம் ஒரே பூமிதான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஓரிடத்து எர்த்துக்கும் மற்றோரிடத்து எர்த்துக்கும் நடுவே, கசிவு மின்சாரங்களின் காரணமாகச் சிறு வித்தியாசம் இருந்து கொண்டே இருக்கும். நம்முடைய பெட்டிகள் இரண்டு இடங்களில் பூமியைத் தொட்டு, அவற்றுக்குள் ஒரு பாட்டுக் கம்பியும் பூட்டியிருந்தால், அந்தக் கம்பியே வாய்க்காலாகி விடும். சிவப்பும் வெள்ளையுமாக முனைகள் உள்ள ஆர்.ஸி.ஏ. கம்பியில், மேலே சுற்றியிருக்கும் கவசந்தான் பாட்டு திரும்பிப் போகும் வழியும் ஆகும். அதே வழியில் வேண்டாத 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் ஓடினால், இரண்டும் கலந்து விடுகின்றன. ஆம்ப்ளிபையருக்குப் பாட்டும் தெரியாது, பகையும் தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கிக் கொடுத்து விடுகிறது.

எர்த் முள்ளை எடுத்தபோது வாய்க்கால் அறுந்தது. ஆகையால் ஓசை ஓய்ந்தது. ஆனால் அறுக்க வேண்டிய இடம் அதுவல்ல. அதற்கப்புறம் பெட்டியில் கோளாறு உண்டானால், மெல்லிய பாட்டுக் கம்பியின் கவசத்தைத் தவிர மின்சாரத்துக்குப் பூமி செல்ல வேறு வழியில்லை. அந்த வழியில் டெலிவிஷனும் மற்றப் பெட்டிகளும் அகப்பட்டுக் கொள்ளும்.

ஒவ்வொன்றாகக் கழற்று!

பெரியவர் முதலில் பழைய மூன்று முள் பிளக்கை மாட்டச் செய்தார். ரீங்காரம் மறுபடி வந்து சேர்ந்தது. "வரட்டும். திருடன் சத்தம் போட்டால்தானே பிடிக்க முடியும்?" என்றார்.

முதல் சோதனை காதுக்கு. ஓசை ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிபையர் பெட்டியிலிருந்தே வருகிறதா? பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரே அதிர்ந்து முணுமுணுப்பதும் உண்டு. அப்படியானால் கம்பிகளைக் குறை சொல்வதில் பயனில்லை. எங்கள் வீட்டில் ஓசை ஒலிபெருக்கியிலிருந்தே வந்தது.

இரண்டாவது சோதனை ஒலியைக் கூட்டும் குமிழுக்கு. குமிழைத் திருப்பியும் ரீங்காரம் கூடாமல் குறையாமல் இருந்தால், குற்றம் குமிழுக்குப் பின்னால், ஆம்ப்ளிபையரின் வயிற்றிலோ ஸப்வூபரிலோ இருக்கிறது. குமிழோடு சேர்ந்து கூடினால், குற்றம் குமிழுக்கு முன்னால், உள்ளே வரும் வழியில் இருக்கிறது. எங்களுடையது கூடிற்று.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. எல்லாவற்றையும் அணைத்து விட்டு, ஆம்ப்ளிபையருக்குப் பாட்டுக் கொண்டு வரும் கம்பிகள் அனைத்தையும் கழற்றினோம். ஒலிபெருக்கிகளை மட்டும் விட்டு வைத்து விசையைப் போட்டோம். நிசப்தம்! ஆகவே ஆம்ப்ளிபையர் நிரபராதி. பிறகு ஒவ்வொரு கம்பியாகப் பூட்டினோம். ஒவ்வொரு தடவையும் அணைத்துப் பூட்டி, போட்டுக் கேட்டோம். பாட்டுத் தட்டுப் பெட்டி - ஓசையில்லை. டெலிவிஷன் - "ம்ம்ம்ம்ம்..."

"டெலிவிஷனா திருடன்?" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்று சொல்லி, செட்-டாப் பெட்டிக்குத் தெருவிலிருந்து வரும் கேபிளின் திருகைக் கழற்றினார். ரீங்காரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

விஷயம் வெளியாயிற்று. கேபிளின் கவசம் எங்கேயோ வெளியில் பூமியைத் தொடுகிறது. எங்கள் ஆம்ப்ளிபையர் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. நடுவில் செட்-டாப் பெட்டியும் டெலிவிஷனும் பாட்டுக் கம்பியும் வாய்க்காலாக நின்றிருக்கின்றன. ஒரு காசு செலவில்லாமல், அரை மணி நேரத்தில், எங்கள் கூடத்திலிருந்த பெட்டி ஒவ்வொன்றும் குற்றமற்றது என்று தீர்ப்பாகி விட்டது. நானோ புது ஆம்ப்ளிபையர் வாங்குவதற்கு விலை விசாரித்து வைத்திருந்தேன்!

வாய்க்காலை அறுக்கும் வழிகள்

எங்கள் டெலிவிஷனின் பின்புறத்திலும் ஆம்ப்ளிபையரின் பின்புறத்திலும் ஆப்டிகல் என்னும் சதுர வாய் இருந்தது. இதில் பூட்டும் கம்பியில் செம்பு கிடையாது. வெளிச்சந்தான் பாட்டைச் சுமந்து செல்கிறது. 1983-ல் ஜப்பானில் தோஷிபா கம்பெனியார் கொண்டு வந்த ஏற்பாடு இது. வெளிச்சத்தில் ரீங்கார மின்சாரம் ஏறி வர முடியாதல்லவா? செம்புக் கம்பியை எடுத்து விட்டு ஆப்டிகல் கம்பியைப் பூட்டினோம். முதலில் ரீங்காரமும் இல்லை, பாட்டும் இல்லை! டெலிவிஷனின் ஒலி அமைப்பில் "பி.ஸி.எம்." என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு பாட்டு மட்டும் வந்தது. எச்.டி.எம்.ஐ. கம்பி போட்டால் இந்தப் பலன் கிட்டாது. அதற்குள் இருப்பதும் செம்பே.

ஆப்டிகல் வாய் இல்லாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பாட்டுக் கம்பியின் நடுவே பூட்டும் சின்னத் தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் கிடைக்கிறது. அதனுள் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள் இருக்கும். காந்த சக்தியினால் பாட்டு தாண்டும், பூமித் தொடர்பு தாண்டாது. மிக மலிவானவற்றில் அடித்தொனி கொஞ்சம் மெலியும். கேபிளிலேயே பூட்டும் தனிப்படுத்திகளும் உண்டு. ஆனால் மாடியில் கிண்ண ஆண்டெனா வைத்திருப்பவர்கள் சாதாரணத் தனிப்படுத்தியை அந்தக் கேபிளில் போடக்கூடாது. கிண்ணத்தின் முகப்பிலுள்ள கருவிக்கு அதே கேபிள் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும்; அது தடைப்பட்டுப் படமே வராது. இடிக்கு அஞ்சி மாடியில் போட்டிருக்கும் எர்த் கம்பியைக் கழற்றுவது ஒரு நாளும் கூடாது.

டெலிவிஷன், ஆம்ப்ளிபையர், ஸப்வூபர் எல்லாவற்றையும் வெவ்வேறு சுவர்களில் செருகாமல், தாங்கக் கூடிய ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால், பல வீடுகளில் ரீங்காரம் அத்துடனேயே அடங்கி விடும். எல்லாம் ஒரே குளத்தில் இறங்கி விடுகின்றனவல்லவா? அதற்கு முன், சுவரிலுள்ள மூன்றாவது துவாரத்தில் உண்மையாகவே எர்த் இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்துக் கொள்ளுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் துவாரம் மட்டும் இருக்கும், கம்பி இருக்காது.

மற்றச் சில்லறைத் திருடர்கள்

ரீங்காரம் எல்லாம் ஒரு ஜாதி அல்ல. தம்பூராபோல் மெல்லென்று "ம்ம்ம்" என்பது ஒன்று. "ஜ்ர்ர்ர்" என்று ரம்பம் அறுப்பதுபோல் கரகரப்பது மற்றொன்று. கரகரப்பு வந்தால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் ஒரு வகை, மின்சார அலையை நறுக்கி நறுக்கியே விசிறியின் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நறுக்குகள் பாட்டுக் கம்பியில் கேட்கும். விசிறியை முழு வேகத்தில் வைத்தால் கரகரப்பு நிற்கிறதென்றால் குற்றவாளி அகப்பட்டான்.

கம்பிகளையெல்லாம் கழற்றிய பிறகும் ஆம்ப்ளிபையர் 100 ஹெர்ட்ஸில் உறுமினால், அதன் மின்சாரத்தைச் சமனப்படுத்தும் கண்டென்ஸர் முதுமையடைந்திருக்கலாம். கடையில் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம். பெட்டியை எறிய வேண்டியதில்லை. சென்னைவாசிகளுக்கு ரிச்சித் தெரு இருக்கவே இருக்கிறது. ஆனால் மூடியை நாமே திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பாட்டுக் கம்பியின் முனை தளர்ந்தாலோ கவசம் உள்ளே அறுந்தாலோ பெரிய ரீங்காரம் வரும். கம்பியை மெதுவாக அசைத்துப் பார்த்தால் தெரியும். மின்சாரக் கம்பியோடு பாட்டுக் கம்பியைச் சேர்த்துக் கட்டி அழகு பார்ப்பவர்கள், அவற்றைப் பிரித்து வைப்பது நலம். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். மடிக்கணினியிலிருந்து பாட்டு வைத்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு முள் பிளக் உள்ள பெட்டியில் அந்தப் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே சில சமயம் ரீங்காரம் தணியும். இவ்வளவுக்கும் செலவு ஒன்றுமில்லை.

அன்று இரவு பதினொரு மணிக்கு அம்மா அந்தப் பழைய கச்சேரியை முதலிலிருந்து வைக்கச் சொன்னார். ஆலாபனையின் நடுவே பாடகி மூச்சு விட நிறுத்தினார். அந்த இடைவெளியில் மேடையிலிருந்த உண்மையான தம்பூரா மட்டும் மெல்லக் கேட்டது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இது ஐந்தரை" என்றார்.

பேத்தி வழக்கம்போல் ஆம்ப்ளிபையரின் மேல் கன்னத்தை வைத்துக் கொண்டு தூங்கிப் போயிருந்தாள். தூக்கிப் படுக்கையில் விட்டேன். அந்த இரண்டு முள் பிளக்கை என்ன செய்வது என்று கேட்டதற்குப் பெரியவர், "அதை என்னிடம் கொடுங்கள், தம்பி. உங்கள் வீட்டில் இருந்தால் என்றைக்காவது உபயோகித்து விடுவீர்கள்" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு மாடியேறிப் போய் விட்டார்.